வலமா இடமா தெரியாத சத்தம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கண்டியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், பக்கத்துக் கதிரையில் உட்காருபவள் தேநீர் நேரத்தில் சொன்னது. எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதுகிறேன். பெயரை ஷஹ்மா என்று மாற்றியிருக்கிறேன், என் நேர்மை அவ்வளவுதான்.

மூன்று தொடக்கங்கள் பாழாய்ப் போயின. முதலாவது, "கடலின் ஆழத்தில் ஓர் இருண்ட—" என்று கிளம்பியது. கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் ஒரு மாடியறையில், காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே மடிக்கணினியோடு இருப்பவளுக்கு என்ன ஆழம்? அடித்துவிட்டேன்.

2

ஷஹ்மாவின் கணவன் ஸைத் கட்டாரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை லீவு. அவன் ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்து, இவளும் அலுவலகம் விட்டு வீடு சேர்ந்ததும், இருவரும் இணையத்தில் ஒரு நீர்மூழ்கி விளையாட்டு ஆடுவார்கள். அவன் கப்டன். அவள் சோனார், தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்டுத் திசை சொல்ல வேண்டும் (அவர்கள் பேச்சில், 'செல்ல'). ஐந்து வருடமாக அவர்களுடைய குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இதுதான்.

(இங்கே கொஞ்சம் விளக்கம். அலுப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள், எனக்கும் அலுப்புத்தான். கப்பலின் மூக்கிலுள்ள சோனாருக்குப் பின்பக்கம் கேட்காது. கப்பலைத் தள்ளும் விசிறியின் இரைச்சலே மறைத்துவிடும். அதற்காக, வரிசையாகக் காதுகள் பொருத்திய நீளக் கேபிள் ஒன்றை வாலில் இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பின்பக்கம் கேட்கும், வலமா இடமா என்றுதான் தெரியாது. ஒரே சத்தம் திரையில் இரண்டு கோடாக விழும். ஒன்று பொய். கப்பலைத் திருப்பி, கேபிள் நேராகும்வரை பொறுத்திருந்தால் பொய்க்கோடு தள்ளிப் போகும், மெய்க்கோடு நிற்கும். உண்மையான கப்பல்களில் உள்ள இந்தக் குறையை விளையாட்டைச் செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறார்கள்.)

3

நோன்புப் பெருநாளைக்கு வருவதாக ஸைத் சொல்லியிருந்தான். புதன்கிழமை, அண்ணனை 'நானா' என்று கூப்பிடும் அவனுடைய தங்கை பாயிஸா வாய்தவறி உளறிவிட்டாள்.

"நானா அங்கயே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் வெச்சாச்சே மதினி, உங்களுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை ஷஹ்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவனே சொல்லட்டும் என்று இருந்தாள். அவன் பெருநாள் உடுப்பைப் பற்றிப் பேசினான். அந்த நேரம் கப்பலுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது, திரையில் இரண்டு கோடு.

"கொஞ்சம் திருப்புங்க," என்றாள்.

திருப்பினான். கேபிள் நேரானது. வலப்பக்கக் கோடு அசையவில்லை. எதிரி அங்கேதான், கிட்டத்தில். உடனே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை.

[இந்த இடத்தில் அவளைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன். வேண்டுமென்றே பேசாமலிருந்து கப்பலை மூழ்கடிக்கிறாள். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஷஹ்மா அப்படிப்பட்டவள் அல்ல. களைத்துப் போயிருந்தாள்.]

அரை நிமிடம் கழித்துச் சொன்னாள். "வலப்பக்கம், பின்னால. கிட்ட வந்திட்டான்."

ஸைத் கப்பலை அவசரமாக ஆழத்துக்கு இறக்கினான். டொர்பிடோ மேலாகப் போனது. தப்பினார்கள். ஹெட்போனில் அவனுடைய அறை ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நீங்க ஒரு நாளும் லேட்டாச் செல்ற இல்லையே," என்றான். பிறகு மெதுவாக, "பாயிஸா செல்லிட்டாளா?"

4

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் "ஓ" என்று ஒப்புக்கொள்கிறாள். அவனுக்கு நிம்மதி, இரண்டு வருடத்தைத் தன் வாயால் சொல்லாமலே தப்பிவிடுகிறான். மற்றதில் தெரியாதவள்போல "என்னத்த?" என்கிறாள். அவன் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவள் அவனிடம் சொல்லும் முதல் பொய் அது.

இன்று தேநீரின்போது கேட்டேன். "கடைசில என்னதான் சொன்னீங்க?"

கோப்பையைக் கழுவிக்கொண்டே, "நீங்களெண்டா என்ன செல்லியிருப்பீங்க?" என்றாள்.

என் கதிரைக்கு வந்து இரண்டு முடிவையும் அடித்தேன். ஆகவே உங்களைக் கேட்கிறேன். அவன் அங்கே காத்துக்கொண்டிருக்கிறான். எதையாவது சீக்கிரம் சொல்லுங்கள், பிந்தினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வான்.