ஐந்தின் தலைகீழி

"தலைகீழா நின்னாலும் உனக்கு இது வராது" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, கூடத்தில் அவருடைய டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வாத்தியார் சிரித்தால் அவர்களும் சிரிக்கத்தானே வேண்டும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த டீயை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். பாதி தரையில் சிந்தியது.

நான் செய்த தப்பு இவ்வளவுதான். ஐந்தின் தலைகீழி என்ன என்று கேட்டார். மைனஸ் ஐந்து என்றேன். தலைகீழ் என்றால் எதிர்ப்பக்கம் என்றுதான் என் புத்தி போனது. இல்லையாம், ஐந்தில் ஒன்றாம். ஏன் என்று கேட்டேன். ஐந்தைக் கீழே தள்ளு, மேலே ஒன்றைப் போடு, ஏன் எதற்கு என்று கேட்காதே என்றார். ஊரார் பிள்ளைகளுக்கு வாய் வலிக்காமல் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்கு, கட்டினவளுக்கு ஒரு காரணம் சொல்ல வாய் வலித்துவிட்டது.

நான் ரொட்டித் தொழிற்சாலையில் துண்டு போடும் மெஷினில் நிற்கிறவள். மாவு கலக்கும் பிரிவில் மேற்பார்வை வேலை காலியாகியிருந்தது. அந்த வேலை மேல் எனக்கு வெகுநாளாகவே ஒரு கண். அதற்கு ஒரு கணக்குப் பரீட்சை வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இவரிடம் போய் நின்றேன்.

கடைசியில் விளங்க வைத்தது அந்த மெஷின்தான். ஒரு ரொட்டியைத் தடிதடியாக ஐந்தாக வெட்டினால் ஒரு துண்டு ஐந்தில் ஒன்று. மெல்லிசாக இருபதாக வெட்டினால் இருபதில் ஒன்று. துண்டுகள் கூடக் கூட ஒவ்வொன்றும் இளைக்கிறது. ஆனால் எண்ணிக்கையையும் துண்டின் அளவையும் பெருக்கிப் பார்த்தால் எப்போதும் அதே ஒரு ரொட்டி. பெருக்கினால் ஒன்று வருகிற ஜோடிதான் தலைகீழி. மைனஸ் ஐந்து, ஐந்தோடு கூட்டினால் பூஜ்யம் வருகிற ஜோடி. அது வேறு உறவு. பூஜ்யத்துக்கு ஏன் தலைகீழி இல்லை என்பதும் புரிந்தது. ஒன்றுமில்லாததை எதால் பெருக்கினாலும் ரொட்டி வராதே. இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விளங்கிய சந்தோஷத்தைவிட அந்த எரிச்சல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள், வேலை முடிந்து கிளம்பும்போது பாக்கிங் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். நீ ஏன் நாளைக்குப் பரீட்சை எழுதப் போவதில்லை என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். உன் வீட்டுக்காரர்தான் பரீட்சை நடத்துகிற ஆபீசருக்குப் போன் செய்தாராம், பேரை அடித்துவிட்டார்கள் என்றாள். வீடு வந்து சேர்ந்த வழி எனக்கு நினைவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் போய் நின்றேன். பிள்ளைகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

அவர் மறைக்கவில்லை, பதறவும் இல்லை. கணக்கு வாத்தியார் பொண்டாட்டி கணக்கில் பெயில் என்றால் ஊர் என்னைப் பார்த்துத்தானே சிரிக்கும் என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நீயும் நானும் ஒண்ணுதானே."

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் என்ன கணக்கு நடந்தது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுதான், இல்லேங்கல" என்றேன். "பெருக்கினா ஒண்ணு. நீங்க அஞ்சு, நான் அஞ்சுல ஒண்ணு. நீங்க பத்தாகணும்னா நான் பத்துல ஒண்ணா இளைக்கணும். அப்பவும் விடை ஒண்ணுன்னுதான் வரும். உங்களுக்கு விடை சரியா வந்தாப் போதும்."

பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. பசங்க முன்னாடி என்ன பேச்சு இது என்று அவர் முணுமுணுத்தார். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்ததும் இதே பசங்க முன்னாடிதான் என்றேன்.

அங்கேயே நின்று ஆபீசருக்குப் போன் போட்டேன். நான் பரீட்சை எழுதுகிறேன், பேரைத் திரும்பச் சேருங்கள் என்றேன். அந்தப் புண்ணியவான் கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காராம்மா? போனை அவர்கிட்ட குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னாலிருந்து இவர் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை.

நான் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் தோளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"முழுசா வந்திருக்கேன் சார்" என்றேன். "பேரை எழுதுங்க."