யசோதினிக்கு நேர்த்தி எதுவும் இல்லை

1.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வெள்ளிக்கிழமை லண்டன் லூயிஷாம் கோயிலில் தொடங்கியது. பூசை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு பெண் ஒரு தாயிடம் ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி சின்னது. வந்த பதில் பொய். பொய் சொல்லப்பட்ட நேரம் பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நன்றாகத்தான் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இருப்புக்கொள்ளவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: "கார்மேகம் திரண்டதுபோல யசோதினியின் கூந்தல் முதுகில்…"

சீ! முதுகுவரைக்கும் அவளுக்கு ஒன்றுமே இல்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "யசோதினியின் பரட்டைத் தலை…"

கை நின்றுவிட்டது. நெற்றிக்கு மேலே எழும்பி நிற்கிற, விரலை விட்டால் சுற்றிப் பிடித்துக்கொள்கிற தலைமயிருக்கு எங்களிடம் உள்ள சொற்கள் பெரும்பாலும் வசவுகள்தான். (சென்னை வாசகர்கள் கவனிக்க: தலைமயிர் என்பது எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை இல்லை. இந்தக் கதையில் நிறைய வரும், பழகிக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் மூன்று: யசோதினிக்கு இருபத்தாறு வயது. வீடு நோர்பரியில். அம்மா மங்கை, யாழ்ப்பாணம். அப்பா க்ளைவ், லூயிஷாமில் பிறந்த ஜமேக்கா வீட்டுப் பிள்ளை, பஸ் ஓட்டுகிறார். அவளுக்கு முகம் அம்மாவுடையது, தலைமயிர் அப்பாவுடையது.

இது போதும். இதிலேயே போகிறேன்.

3.

சின்ன வயதில், தலை இழுக்கும் சனிக்கிழமை என்றாலே யசோதினி கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொள்வாள். மங்கை தனக்குத் தெரிந்தபடி தேங்காயெண்ணெய் வைத்து, காய்ந்த தலையை நெருக்கமான சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பாள். அந்தத் தலையை நனைத்து, அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வரவேண்டும். இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளை கத்தும், சீப்பு முறியும். "அசையாதை பிள்ளை, இந்தா முடிஞ்சுது" என்பாள். முடிந்திராது.

பன்னிரண்டு வயதில், பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. சட்டன் என்ற இடத்தில் மண்டபம், இருநூற்றைம்பது பேர். மேக்கப் போட வரவிருந்த அக்கா பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு, "இதிலை பொய்ச்சடை நிக்காது, நேராக்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். மங்கை நேராக்கும் கிறீம் ஒரு பெட்டி வாங்கினாள். பதினைந்து நிமிடம் என்று அதில் போட்டிருந்தது. மருதாணி மாதிரித்தானே, வைக்க வைக்கத்தானே பிடிக்கும் என்று அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தாள். காதுக்குப் பின்னால் தோல் உரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்த க்ளைவ்தான் அலறிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவினார்.

சடங்கன்று சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. தலைமயிரைப் புகழ்ந்தவர்களுக்கெல்லாம் மங்கை சொன்னாள்: "எங்கட பக்கத் தலைமயிர்." அந்த ஒரு வசனத்துக்காகப் பதினான்கு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிறீம்.

(இந்த இடத்தில் மங்கையை ராட்சசியாக்குவது சுகம். நான் ஆக்கவில்லை. கறுப்பனைக் கட்டினவள் என்று அவளுடைய சொந்தத் தமையனே ஐந்து வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்மேல் விழுந்த பார்வை பிள்ளைமேல் விழக்கூடாது என்று பயந்தாள். செய்தது பிழைதான், பயமும் மெய்தான்.)

4.

போன மார்ச்சில், பெர்னடெற் மாமி வீட்டுக் குசினியில், யசோதினி ஒரு கதிரையில் இருந்து "வெட்டுங்கோ மாமி" என்று இங்கிலீசில் கேட்டாள், மாமி மட்டும் தமிழில். பெர்னடெற் க்ளைவின் அக்கா. தமிழ் முறைப்படி மாமி என்று கூப்பிடுவது அவருக்குப் பெரிய பெருமை. நேராக்கிய நீளம் முழுவதும் நிலத்தில் விழ, ஒரு விரல் நீளத்துக்குச் சுருள் மிஞ்சியது. யசோதினி இரண்டு கையாலும் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். தன் தலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு நோர்பரி ஸ்டேஷன்வரை நின்றது. பிறகு ஜாக்கெட் தொப்பியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

இப்படித்தான் போனது, ஏறுவதும் இறங்குவதுமாக. ஒரு காலை கண்ணாடிக்கு முன்னால் நின்று "வடிவாத்தான் இருக்கிறன்" என்று தனக்கே சொன்னாள். அடுத்த கிழமை, கழுவி, எண்ணெய் வைத்து, முறுக்கி, நான்கு மணித்தியாலம் மினக்கெட்ட பிறகு ஒரு பக்கம் படுத்தும் ஒரு பக்கம் எழும்பியும் நிற்க, குளியலறைத் தரையில் இருந்து அழுதாள். பழைய கிறீம் பெட்டியை இரண்டு முறை கையில் எடுத்தாள். ஒருமுறை மூடியும் திறந்தாயிற்று. மணம் பட்டவுடன் காதுக்குப் பின்னால் எரிந்தது. மூடிவிட்டாள்.

அப்பா பார்த்தார். அவளுடைய தலையைத் தொட்டார், பிறகு தன்னுடைய வழுக்கையைத் தொட்டார். "என்னுடையது போய்விட்டது, உன்னிடமாவது இருக்கட்டும்" என்று இங்கிலீசில் பகிடி விட்டார். கண் கலங்கியிருந்தது.

அம்மா தன் தலையில் கையை வைத்தாள். "ஐயோ பிள்ளை, என்ன வேலை பாத்தனி! சனத்துக்கு நான் என்ன சொல்லுவன்?"

5.

இனிக் கோயில். வரிசையில் கனகாம்பிகை என்ற பெண் மங்கையின் தோளைத் தட்டினாள்.

"மங்கை, பிள்ளைக்கு என்ன நேர்த்திக்கடன்? மொட்டை போட்டிருக்கிறா போல."

மங்கை வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். பிறகு, "ஓம் அக்கா. கலியாணம் சரிவர வேணுமெண்டு."

"எங்க குடுத்தனீங்கள்?"

"ஊரிலைதான்… போய் வந்து மூண்டு மாசம்."

"வளரேக்கை இப்பிடிச் சுருளுதே?"

"ஓமோம், புதுசா வளரேக்கை அப்பிடித்தான். பிறகு நேராயிடும்."

யசோதினி ஊருக்குப் போனதே இல்லை. காரில் ஏறியதும் ஒன்றுதான் கேட்டாள். "ஏனம்மா, அப்பாவைச் சொல்ல வெக்கமே?"

மங்கை, "பசிக்குதே பிள்ளை?" என்றாள். அப்போதுதான் சாப்பிட்டிருந்தார்கள்.

"நீங்கள் உள்ளதைச் சொல்லுமட்டும் நான் உங்களோட எங்கயும் வரேல்லை" என்றாள் யசோதினி. சொன்னபடியே இரண்டு கலியாணம், ஒரு பிறந்தநாள், ஒன்றுக்கும் போகவில்லை.

6.

முடிவு அ: யசோதினி கோயிலில் எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி… (இது நாடகம். அவள் அப்படிக் கத்துகிற பிள்ளை இல்லை.)

முடிவு ஆ: மாப்பிள்ளை ஒருவன் வந்து, இந்தத் தலைமயிர்தான் எனக்குப் பிடித்தது என்று… (வாயை மூடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.)

முடிவு இ எழுத முதல் இன்னொரு உண்மை. கனகாம்பிகை என்று ஒருத்தியும் இல்லை. கேட்டவள் நான்தான். கட்டையாக, சுருளாக ஒரு தலையைக் கண்டால் நேர்த்தி அல்லது நோய் என்பதைத் தவிர வேறொன்றும் நினைக்கத் தெரியாத வாய் என்னுடையது. க்ளைவை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும்! காரில் நடந்ததை அழுதுகொண்டு மங்கையேதான் பிறகு போனில் சொன்னாள். அப்போதும் நான், "சரி, விடு மங்கை" என்றேனே தவிர, கேட்டது என் பிழை என்று சொல்லவில்லை.

7.

போன வெள்ளி மங்கை கோயிலுக்கு வந்தாள். பின்னால் யசோதினியும் வந்தாள். எப்படிக் கூட்டிவந்தாள், என்ன வாக்குக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. தலைமயிர் இன்னும் வளர்ந்து, சுற்றிவர எழும்பி நின்றது. வரிசையில் எனக்கு முன்னால் நான்கைந்து பெண்கள், எல்லோரும் தெரிந்த முகங்கள். நான் துணிந்து கேட்டேன்.

"மங்கை, அண்டைக்கு நான் கேட்டது பிழை. பிள்ளைக்கு நேர்த்தி ஒண்டும் இல்லைத்தானே?"

நான்கைந்து தலைகள் திரும்பின. மங்கை அவர்களைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"இல்லை அக்கா. அது அவளின்ர…"

மங்கை வசனத்தை முடித்தாள். நான் எழுதப்போவதில்லை. அவளை ஒருமுறை பொய் சொல்ல வைத்த எனக்கு, அவளுடைய வாயில் இன்னொரு வசனத்தை வைக்க உரிமை இல்லை. நீங்கள் முடியுங்கள். உங்களுக்கும் ஒரு கோயில் வரிசை இருக்கிறது, திரும்பிப் பார்க்கிற நான்கைந்து தலைகள் இருக்கின்றன. உண்மையாக முடிக்கலாம், மழுப்பலாம், உங்கள் விருப்பம். யசோதினி கையில் தட்டோடு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கேட்கும்.