முதலாளியின் முப்பது பக்கங்கள்

கல்லூரி வகுப்பில் அவளுக்கு முதலாளி என்று பெயர். வேலைக்கெல்லாம் போக மாட்டேன், சொந்தத் தொழில்தான் என்று முதலாண்டிலிருந்தே சொல்லித் திரிந்ததால் வந்த பட்டம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப் போன பள்ளிச் சீருடைகளை வாங்கி, பிரித்துத் தைத்து, இளையவர்களுக்கு விற்பது அவள் யோசனை. தையல் கடையில் வேலை பார்க்கும் அக்கா இருக்கிற தைரியம். பள்ளி வாசலில் நின்று பதினொரு அம்மாக்களிடம் பேசியும் பார்த்தாள். ஒருத்தி வள்ளென்று விழுந்தாள். இன்னொருத்தி மகனை அங்கேயே திருப்பி நிறுத்தி, காற்சட்டைக் கிழிசலைக் காட்டினாள். அன்று வீடு வரும்வரை இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறுதியாண்டில் தொழில்திட்டப் போட்டி வந்தது. கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கிய பக்கத்து இருக்கைக்காரியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். கண்ணாடிக்குத் தொழில் என்றாலே பயம். இருவரும் செயற்கை நுண்ணறிவிடம் திட்டத்தை எழுதித் தரக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் முப்பது பக்கம் வந்து விழுந்தது.

"இதுல போட்டிருக்கபடி இன்னும் நாப்பது அம்மாகிட்ட பேசணுமே?" என்றாள் கண்ணாடி.

"அதுவே அம்மாவா பேசும், இரு."

திரையில் நாற்பது அம்மாக்களும் மரியாதையாகப் பேசினார்கள். எதெல்லாம் தப்பாகப் போகும் என்று முதலாளி அதனிடமே கேட்டாள். இருபத்து மூன்று சிக்கல்கள், ஒவ்வொன்றுக்கும் தீர்வு.

படித்து முடித்தபோது, தொழிலைத் தொடங்கி, நடத்தி, மூடியும் விட்டதுபோல் இருந்தது முதலாளிக்கு. கண்ணாடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்?"

முதல் பரிசு அவர்களுக்குத்தான். நடுவராக வந்திருந்த சோப்புக் கம்பெனி அம்மா, தன் கிடங்கு மாடியில் ஓர் அறை தருவதாக மேடையிலேயே சொன்னார். கைதட்டல் முதலாளியின் காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

"நீயே பண்ணு. எனக்கு வேணாம்" என்றாள், படியிறங்கும்போது.

"விளையாடாத. உன் யோசனை இது."

"இருந்துச்சு."

கண்ணாடி அந்த மாடி அறையில் தொழிலைத் தொடங்கினாள். அக்காதான் முதலாளியை விடவில்லை. "மூணு வருஷமா என் காதைத் தின்னியேடி! இப்ப என்ன வந்துச்சு?"

"தெரியலக்கா."

"கண்ணாடி பண்றதைப் பார்த்தா பொறாமையாவது வருதா?"

அவள் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறை நாக்கால் தொடுவது போலிருந்தது. "வரலக்கா."

அக்கா கண்ணாடியிடமே வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது வாரம், வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் வழியில் முதலாளி அந்த அறைக்குப் போனாள். ஓர் அம்மா சீருடைப் பாவாடையை மேசையில் வீசி, தையல் கோணல் என்று கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. பிரிச்சுத் தைச்சுத் தரோம்."

அந்த அம்மா முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். கண்ணாடியின் முகம் வேர்த்து, சிவந்து, என்னவோ போல் மின்னியது. முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரமாகலையாடி உனக்கு?" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.