வால்வைத் திறக்காத நான்கு நாட்கள்

ஆரணியின் பத்துப் பன்னிரண்டு தெருக்களின் சாக்கடைத் தண்ணீர் ஊருக்கு வெளியே ஒரு தொட்டியில் வந்து விழும். வண்டல் தங்கியதும், கல்வாழையும் சம்புக் கோரையும் நட்ட ஜல்லிப் படுகைகள் வழியே மெல்ல ஊர்ந்து, கடைசியில் ஒரு குட்டையில் தெளிந்து நிற்கும். அங்கிருந்து வால்வைத் திறந்து சின்னதுரையின் தீவனப் புல்லுக்குத் தண்ணீர் விடுவது நகராட்சி ஊழியர் அன்புச்செல்வியின் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டிக்கு வந்த தண்ணீர் கருஞ்சிவப்பாக இருந்தது. சாக்கடை அழுக்கென்றால் படுகை பார்த்துக்கொள்ளும். ஊர்ப் பட்டறைகளில் போடும் பட்டுச் சாயத்தை அப்படி நம்ப முடியாது. அவள் வால்வை மூடிப் பூட்டினாள்.

சின்னதுரை மண்வெட்டியோடு வந்தார். "இன்னாம்மா, புல்லு வாடிகினு கீது. குட்டைல தண்ணி தெளிவாத்தான கீது?"

"பாத்தா தெளிவாத்தான் கீதுங்க. அந்தப் புல்லத் தின்ற மாட்டுப் பாலத்தான எல்லாரும் குடிக்கிறோம்? டெஸ்ட் பண்ணாம வுடமாட்டேங்க."

அவர் முனகிக்கொண்டே போனார். அவள் கடப்பாரையை சைக்கிளில் கட்டிக்கொண்டு, குழாய் வந்த வழியே போய் ஒவ்வொரு சாக்கடை மூடியாக நெம்பிப் பார்த்தாள். மூன்றாவது தெருவில் ஒரு மூடிக்குக் கீழே சிவப்பு. தண்ணீர் வரும் பக்கத்தில் இருந்த அடுத்த மூடியில் வெறும் சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது சுப்பராயலுவின் சாயப்பட்டறை. அவள் கணவன் அருள்மணி வேலை பார்ப்பது அங்கேதான்.

பின்பக்கம் போனாள். அண்டாவைச் சாக்கடையில் சாய்த்துக்கொண்டு அருள்மணியே நின்றிருந்தான்.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சாயத் தண்ணி எடுக்கிற லாரி ரெண்டு நாளா வர்ல. பட்டறைத் தொட்டி ரொம்பிப் போச்சு. மொதலாளி ஊத்தச் சொன்னாரு. நீ பாக்காத மாதிரி போயிடு மே. எழுதினன்னா என் வேலை பூடும்."

அவள் சைக்கிளைத் தொட்டிக்குத் திருப்பினாள். தண்ணீர் வரத்தை எழுதும் பதிவேட்டின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பட்டறையின் பெயரை எழுதிவிட்டு, நகராட்சிப் பொறியாளர் சுகன்யாவுக்குப் போன் செய்தாள்.

"ஊத்தினது யாரு?"

"என் வூட்டுக்காருதாங்க. மொதலாளி சொல்லி ஊத்தினாரு."

அன்று சாயங்காலமே சுகன்யா வந்து குட்டைத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, பட்டறையின் சாக்கடை இணைப்பை அடைத்தார். லாரி வரும்வரை சாயம் போடுவதில்லை என்று சுப்பராயலுவிடம் எழுதி வாங்கினார். சுப்பராயலு அருள்மணியை நிறுத்தவில்லை. அவனைப் போல நிறம் பிடிக்க அங்கே வேறு ஆள் இல்லை. ஆனால் அருள்மணி வீட்டில் வாய் திறக்கவில்லை. போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. சாயம் முதல் படுகையோடு நின்றுவிட்டது. குட்டைத் தண்ணீர் புல்லுக்கு விடலாம். அவள் வால்வைத் திறந்தாள். ஒரு பாத்திப் புல் காய்ந்து போயிருந்தது. சின்னதுரை அதைப் பார்த்துவிட்டு மடையைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் படுகையில் வேர் கருத்த கல்வாழைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அருள்மணி கரைக்கு வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"புதுசு எவ்ளோ ஆழத்துல நடணும்?"

"ஒரு சாண் போதும்" என்று கன்றை நீட்டினாள்.