முட்டு எடுக்கிற நாள்

தளம் போட்ட மறுநாள் காலை, முகம்கூடக் கழுவாமல், மேஸ்திரி தன் வீட்டின் பின்பக்கம் போய் அண்ணாந்து நின்று, தலைக்கு மேலிருந்த பலகையை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் பிடரியில் ஒன்று வைத்திருப்பார். தளம் போட்டால் மேலே தண்ணீர் நிற்க வேண்டும், கீழே தாங்குகிற முட்டு நிற்க வேண்டும், மனுஷன் மட்டும் சும்மா இருக்க வேண்டும் என்று தன்னிடம் வேலை பழகிய அத்தனை பேருக்கும் சொன்ன ஆள் அவர். தட்டியதில் ஒன்றும் தெரியவில்லை. பலகை பலகையாகத்தான் சத்தம் போட்டது. மேலே மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டின சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் குவளை நின்று, பிறகு மறுபடி ஊற்றத் தொடங்கியது.

வேலையிடத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. நிதானம் கடைக்கால் தோண்டினால் குடிபோகிறது பேரன்தான் என்று கையாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. அப்படி எத்தனையோ பேருக்கு மூலை முடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தவர், சொந்த வீட்டில் சமையலுக்கென்று பின்சுவரில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்ததோடு சரி. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஆறு மாதத்துக்கு என்று சாய்த்த தகரம். மனைவி உயரமானவள். தகரத்துக்குக் கீழே குனிந்தே நின்று குனிந்தே சமைத்து, இப்போது வெட்ட வெளியில் நடக்கும்போதும் அவள் கழுத்து லேசாக முன்னால் வளைந்தேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, தனக்கு முன்னால் நடந்துபோன அந்தக் கழுத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண். திரையில் அவருடைய நெஞ்சைக் காட்டி, இது வீங்கிப்போயிருக்கிறது, கால்வாசிதான் வேலை செய்கிறது, மாத்திரை தருகிறேன், பாரம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்றாள். எத்தனை நாள் என்று அவர் கேட்டார். நாள் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் போகலாம், வருஷமும் போகலாம், திடீரென்றும் நிற்கலாம் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரன் வந்து எப்போது முடியும் என்று கேட்டால், கண்டிப்பாக ஒரு தேதி சொல்லிப் பழகியவர். இத்தனை மெஷினை வைத்துக்கொண்டு ஒரு தேதி சொல்ல முடியவில்லையே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். மனைவி எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது. குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். கேஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது, மோட்டார் நின்றுபோனால் எந்த ஒயரைப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால், திரும்பச் சொல்லு என்றார். சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். டீ ஆறும்வரை உட்கார மாட்டார். மத்தியானம் படுத்தால் அந்தத் தூக்கத்திலேயே போய்விடுவோமோ என்று படுப்பதையும் விட்டார். ஒவ்வொரு நாளும் ஏதாவதொன்றை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் கையை விட்டுப் போன மாதிரி. கடைசியாக மிச்சம் இருந்தது தகரம்தான். தகரத்தைப் பிரித்து, சுவர் எழுப்பி, மேலே தளம் போட்டு, அதற்குள் அவள் நிமிர்ந்து நின்று சமைப்பதைத் தன் கண்ணால் ஒரு நாள் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தார். ஒரே ஒரு நாள்.

சுவர் வைக்கப் பழைய கூட்டாளிகள் வந்தார்கள். தளத்துக்கு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை அவனுக்கு. வாய் ஓயாதவன். மாமாவின் உடம்பு தெரிந்த நாளிலிருந்து இன்னும் அதிகமாகப் பேசினான். சும்மா இருந்தால் அழுதுவிடுவானோ என்று பயந்து பேசுகிறவன் மாதிரி இருந்தது. காங்கிரீட் போட்ட நாலாவது நாள் எட்டிப் பார்க்க வந்தவனிடம், முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று மேஸ்திரி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

மச்சினன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு கேக்குறது, நிதானமா? மாமா, உங்ககிட்ட வேலை பழகுறப்ப எடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே ஒரு முட்டுக்கம்பத் தட்டிட்டேன்னு கொத்துக்கரண்டியத் தூக்கி எறிஞ்சீங்க. இந்தா பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு."

"சின்ன இடந்தானே மாப்ள. அடுப்படி. நாலு எட்டு வெச்சா முடிஞ்சுபோவுது."

"சின்ன இடம்னா தலையில விழுந்தா சின்னதா வலிக்குமா?"

ரெண்டு வாரம் முழுசாகப் போகட்டும், நானே வந்து பிரிக்கிறேன், அதுவரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க என்று சொல்லிவிட்டு, அக்காவிடமும் தனியாக ஏதோ சொல்லிவிட்டுப் போனான். ரெண்டு வாரம் என்பதை அவன் எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான் என்று மேஸ்திரி யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். அவனுக்கு அது ரெண்டு வாரம். எனக்கு அது என்னவென்று யாருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் செருப்பைப் போடப் போனபோது கால் உள்ளே போகவில்லை. வீங்கியிருந்தது. அழுத்தினால் குழி விழுந்து, ஈரச் சிமெண்டில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது. காலை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் மறைத்துக்கொண்டார். மனைவி பார்த்துவிட்டாள். அவள் ஓட்டல் துணிகள் துவைக்கும் கூடத்தில் மடிக்கிற வேலை பார்ப்பவள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டிலும் கைக்குக் கிடைத்ததை மடித்துக்கொண்டே இருப்பாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீங்க ஒவ்வொண்ணா முடிச்சு வைக்க வைக்க, எனக்கு வீடு காலியாயிட்டே வருதுங்க" என்றாள்.

அவருக்கு அது விளங்கவில்லை. உனக்காகத்தானே செய்கிறேன் என்று எரிச்சலாகச் சொன்னார். அவள் துண்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், மேஸ்திரி வாசல் கதவைச் சாத்திவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

உள்ளே முட்டுகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு முட்டின் அடியிலும் செங்கல், அதற்கும் முட்டுக்கும் நடுவே மர ஆப்பு. ஆப்பைத் தட்டினால் முட்டு தளர்ந்துவிடும். ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும் என்பதோ, ஒவ்வொன்றையும் எடுத்தபின் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதோ அவருக்குத் தெரியாததில்லை. நடுவில் நின்ற ரெண்டை எடுத்தால் அடுப்பு வைக்க இடம் கிடைத்துவிடும், மீதி அதுபாட்டுக்கு நிற்கட்டும் என்று அன்றைக்கு அவருடைய புத்தி சொன்னது. முதல் முட்டு சுலபமாக வந்தது. அதைச் சுவரில் சாய்த்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ரெண்டாவது ஆப்பு தெறித்துப் போனதும் தலைக்கு மேலே ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பழைய துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல, நிதானமாக, ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து மறுபக்கத்துச் சுவர்வரைக்கும் போய் நின்றது. பலகைகள் ஒரு விரல் அளவு கீழே இறங்கின. அவர் பாய்ந்து, சரிந்துகொண்டிருந்த முட்டைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்தார்.

முட்டு கோணலாக நின்றது. தோளை எடுத்தால் சறுக்கிவிடும். சுத்தியல் எட்டாத தூரத்தில் கிடந்தது, ஆப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கத்தினால் அக்கம்பக்கத்துக்காரர் வரலாம். வந்தால் உள்ளே வருவார்கள். உள்ளே வந்தால் அவர்கள் தலைக்கு மேலேயும் இதுதான். அவர் கத்தவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது, பிறகு ஒன்றிரண்டு அடியை விட்டுவிட்டு அடித்தது. இப்போது நிற்கப்போகிறது என்று நினைத்தார். நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நினைப்பதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. முடிக்க வேண்டியது எதுவும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. சுவரில் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அது அவர் முன்பு எப்போதோ பூசிய வீட்டுப் பின்சுவர். கரண்டி வளைந்த இடமெல்லாம் அலை அலையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். ஒரு குழந்தை அழுது, அழுகை நின்று, காரணம் மறந்துபோய் மறுபடி அழுதது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு இடத்தில் இத்தனை நேரம் நின்றதே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வெயில் கட்டம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

மனைவி வந்தாள். சாத்திய கதவைத் தள்ளி, வீட்டுக்குள் தேடி, பின்பக்கம் வந்து பார்த்து நின்றுவிட்டாள். உள்ளே வராதே என்றார். தம்பியைக் கூப்பிடு, நீ வராதே என்றார். அவள் பையைக் கீழே வைத்தாள். மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு பழக்கத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"எங்க அடிக்கணும், சொல்லுங்க."

சொன்னார். சுவரோரம் கிடந்த ஆப்பை அவள் தேடி எடுத்தாள். முட்டின் அடியைக் காலால் நிமிர்த்தி, ஆப்பைச் செருகி, சுத்தியலால் அடித்தாள். ஒரு அடி தவறிச் செங்கல்லில் விழுந்தது. மெதுவா, மெதுவா என்றார். முட்டு இறுகியது. சுவரில் சாய்த்திருந்த மற்ற முட்டுக்கம்பையும் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் அவர் தோளை எடுத்தார். எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்தார். வெளியே போய்விடலாம் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் பதிந்திருந்த மரத்தின் தடத்தைப் பார்த்தாள். தடவிக் கொடுக்கவில்லை.

அக்கா கூப்பிட்டதும் மச்சினன் வந்து, விளக்கு அடித்துப் பார்த்து, முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றான். விரிசல் நேர்கோடாக இருந்தது. பூசி மறைக்கலாம், ஆனால் இனி இது தாங்காது, உடைத்துத்தான் போட வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் போனபின் மேஸ்திரி கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"நான் கெடுத்துட்டேன். எல்லாம் தெரிஞ்சும் கெடுத்துட்டேன்" என்றார். "மறுபடி தகரத்தையே சாச்சிடச் சொல்லு. உடைச்சு, கம்பி கட்டி, போட்டு, அதுவும் காஞ்சு… அதுவரைக்கும் நான் எங்க."

அவள் மடிக்க எதையும் எடுக்கவில்லை. கை ரெண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"அடுப்படி எனக்குத்தானே? நீங்க இருந்தா பாருங்க. இல்லன்னா நான் பாத்துக்கிறேன். ஆனா இருக்குற வரைக்கும் இங்க இருங்க. போனவரு மாதிரி வீட்டுக்குள்ள அலையாதீங்க."

அவர் திரும்பவில்லை. டீ இருக்கா என்று மட்டும் கேட்டார்.

தளத்தை உடைக்க ரெண்டு பேர் வந்தார்கள். மேஸ்திரி கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சம்மட்டி விழும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். நிதானம் போட்ட தளமே உடையுதுன்னா நாமெல்லாம் தைரியமா வேலை செய்யலாம்டா என்று அவர்களில் ஒருவன் சொன்னான். மற்றவன் சிரிக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் முதலில் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் நிற்க நேரமாயிற்று.

அப்புறம் மறுபடி பலகை, மறுபடி கம்பி, மறுபடி காங்கிரீட். அதற்குள் அவரால் வாசல்வரை நடந்துபோய் வருவதே பெரிய வேலையாகிவிட்டது. மாத்திரை கூடியது, கால் வீக்கம் முழங்கால்வரை ஏறியது. ராத்திரியில் ரெண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போடச் சொன்னார், முட்டுகளுக்கு நடுவிலேயே. மச்சினன் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றான். பிறகு முட்டுகளை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, இன்னும் ரெண்டு முட்டுக் கூடக் கொடுத்துவிட்டு, தளத்துக்குக் காவல் மாமா, மாமாவுக்குக் காவல் தளம் என்று சொல்லி நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டான்.

காலையில் உள்ளே அரையிருட்டாக இருக்கும். ஈர மரமும் சிமெண்டும் கலந்த மணம். அவர் பலகையைத் தட்டுவதில்லை. டீக் குவளையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது ஆறுவதைக் கையாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே மனைவியின் காலடி கேட்கும். வாளியை வைக்கிற சத்தம், பிறகு தண்ணீர் பரவுகிற சத்தம். பலகை இடுக்குகளில் ஈரம் மெல்லக் கறுத்துப் படரும்.

"நனையுதா?" என்று மேலிருந்து அவள் கேட்டாள். தளத்தைக் கேட்டாளோ, அவரைக் கேட்டாளோ.

"நனையுது. ஊத்து."

ஒரு சொட்டு அவர் முழங்கையில் விழுந்து, மயிர்க்காலுக்குள் குளிர்ந்து ஓடியது. நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கலாம். அவர் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தார். அடுத்த சொட்டு பலகை விளிம்பில் திரண்டு, கனத்து, இன்னும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.