அடுத்த வசந்தத்தில் வரப்போகும் எஞ்சின்

ஒரு பொம்மை எஞ்சினால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். போன நவம்பரில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பொம்மை என்று சொன்னதற்கே டெஸ்மண்ட் என்னை முறைப்பான். அது மாடலாம். சரி, மாடல்.

என் புருஷன் டெஸ்மண்டும் அவனுடைய கிளப் ஆட்களும் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த கிளை ரயில் பாதையை அப்படியே சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நிஜப் பாதையைப் பிடுங்கி எறிந்து சைக்கிள் பாதையாக்கி எத்தனையோ காலமாகிவிட்டது. மாடலில் மட்டும் ஸ்டேஷன், மரப்பாலம், பஞ்சு மில், மில் சுவரில் வழிந்த மழைக்கறை வரைக்கும் எல்லாம் உண்டு. இல்லாதது அந்தப் பாதையில் ஓடின குட்டிக் கறுப்பு எஞ்சின் மட்டும்தான்.

அதன் பழைய மாடல் ஒன்று பழைய சாமான் கடைகளில் எப்போதும் கிடைக்கும். எங்கள் ஆட்கள் விரலால்கூடத் தொட மாட்டார்கள். சக்கரத்தில் ஆரக்கால் ஒன்று குறைவாம். புகைபோக்கி வேறு வருஷத்து எஞ்சினுடையதாம். இப்படி இருக்கும்போது ஒரு கம்பெனிக்காரன் வந்து, அதே எஞ்சினை ஓர் ஆணிகூட விடாமல் புதிதாகச் செய்து தருகிறோம், அடுத்த வசந்தத்தில் வரும் என்று அறிவித்தான். டெஸ்மண்ட் அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டான். வசந்தம் வந்தது. தோட்டத்தில் டாஃபடில் பூத்து வாடியும் போயிற்று. எஞ்சின் வரவில்லை. அடுத்த வசந்தம் என்றார்கள். அதுவும் வந்து போனது. மறுபடி அடுத்த வசந்தம்.

அதுவரைக்கும் கிளப் என்ன செய்தது தெரியுமா? மாடல் எஞ்சின் ஷெட்டைக் காலியாகவே வைத்து, வாசலில் நகத்தளவு பலகையில் "எஞ்சின் வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதி ஒட்டிவிட்டு, பக்கத்து ஊர் கிளப்பில் இரவல் வாங்கிய வேறு ஏதோ எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த எஞ்சின் எங்கள் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அது பரவாயில்லையாம். வேறு எஞ்சின் வேறு எஞ்சினாகவே ஓடினால் தப்பில்லை, அரைகுறை எஞ்சின் சரியான எஞ்சின் மாதிரி நடித்தால்தான் தப்பாம். கிளப் தலைவர் நார்மன் எண்ட்விசில் இதை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரிய மனுஷர்கள்!

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் கண் டாக்டர் டெஸ்மண்டை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓரங்கள் நிற்கும். நடுவை நிறுத்த முடியாது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவனுடைய முதல் பேச்சே இதுதான்: "நார்மனுக்குத் தெரியக் கூடாது."

ஏனென்றால் கிளப்பின் டிரைவர் அவன்தான். எங்கள் வருஷாந்திரக் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் ஸ்டேஷனுக்குள் வந்தால், கடைசிப் பெட்டியான கார்டு பெட்டியின் கதவு, பிளாட்பாரத்தில் தள்ளுவண்டியோடு நிற்கிற போர்ட்டர் பொம்மைக்கு நேராக நிற்க வேண்டும். மூன்று தடவை தவறவிட்டால் டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வர வேண்டும். அதோடு அந்த ஆள் டிரைவர் இல்லை. டெஸ்மண்ட் ஒரு நாளும் டீக்கடைக்கு வந்ததில்லை. ஊரில் அவனுக்கு இருக்கிற மரியாதையே அதுதான். கண்காட்சியில் டீக்கடை போடுகிறவள் நான். எனக்கும் அவன் அங்கே வேண்டாம், கப் ஒன்றுகூட மிஞ்சாது.

கண்காட்சிக்கு முந்தின வாரம் சமையலறையில் சண்டை வந்தது. நான் கண்காட்சிக்காக இஞ்சி போட்ட பார்க்கின் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கம்பெனிக்காரனின் விளம்பரத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய சாமான் விக்கிற ரீட்டாகிட்ட அந்தப் பழசு இருக்காம் டெஸ். வாங்கிடேன்."

"அதையா? எதுக்கு?"

"எதுக்கா? உன் கையில ஒரு எஞ்சின் இருக்கட்டுமேன்னுதான்."

"கிளெண்டா, நான் கண்ணால ஒழுங்கா பாக்கப்போற கடைசி எஞ்சின் இதுதான். அது உருப்படியானதா இருக்கட்டும். ஆணி ஆணியா தெரியுமாம்."

"அது வர்றப்ப உனக்கு ஆணி தெரியுமாடா?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். மழையில் போய் நின்றான், முட்டாள். நான் கேக்கைக் கன்னாபின்னாவென்று வெட்டினேன். அதற்குப் பிறகு "உப்பு எடு", "கதவைச் சாத்து" என்ற அளவில்தான் எங்கள் தாம்பத்தியம் நடந்தது.

கண்காட்சி சனிக்கிழமை, சர்ச் ஹாலில். காலையிலேயே தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"டெஸ், டேய்! கம்பெனிக்காரர் வந்திருக்காருடா. புது எஞ்சினோட மாதிரியைக் கொண்டு வந்திருக்கார். உலகத்துலயே ரெண்டுதான் இருக்காம். நம்ம பாதையில ஓட்டிப் பாக்கலாம்ங்கிறார். நீதான் ஓட்டணும்!"

கம்பெனிக்காரர் பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து அதை எடுத்தார். பொய் சொல்லக் கூடாது, அழகுதான். படிக்கட்டின் கைப்பிடிகூடத் தலைமுடி கனத்தில் தனியாக நின்றது. டெஸ்மண்ட் அதைக் கையில் வாங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, சண்டையெல்லாம் மறந்து சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்குப் பால் ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

எஞ்சின் கிளம்பியது. சத்தமே இல்லை. தண்ணீரில் வாத்து போகிற மாதிரி போயிற்று. கூட்டம் "ஆ" என்றது. ரயில் மில்லைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் வந்து, போர்ட்டரையும் தாண்டிப் போய் நின்றது.

"ஒண்ணு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். புது வண்டி, கை பழகவில்லை என்று நினைத்தார்கள்.

இரண்டாவது சுற்றில் ரயில் பிளாட்பாரத்துக்குள் பாதி வருவதற்குள்ளேயே நின்றுவிட்டது. போர்ட்டர் பாவம், வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு! கிளெண்டா, ஏப்ரனை எடுத்து வை!"

இப்போது தலைவர் சிரிக்கவில்லை. "என்னடா ஆச்சு உனக்கு?" என்றார். டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தால் சரியாகிற விஷயமா அது?

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. யார் மேல் என்றும் தெரியவில்லை. கெட்டிலை அணைத்தேன். ஏப்ரனோடு நேராக ரீட்டாவின் ஸ்டாலுக்குப் போனேன்.

"அந்தக் கறுப்பு எஞ்சினை எடு."

"எந்தக் கறுப்பு, கண்ணு? எல்லாமே கறுப்புதான்."

"நம்ம ஆளுங்க யாருமே தொடாத அந்தச் சனியன்!"

ரீட்டா என் முகத்தைப் பார்த்தாள். பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். நான் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய், பாதை மேசை மேல் அதை டக்கென்று வைத்தேன். கம்பெனிக்காரர் தன் மாதிரியை அவசரமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை ஓட்டு," என்றேன். "இன்னிக்கு உன்னோடதுன்னு ஒண்ணு ஓடட்டும்."

தலைவருக்கு மூச்சே நின்றுவிட்டது. "கிளெண்டா! இதுக்கு ஆரக்கால் ஒண்ணு குறைச்சல்! புகைபோக்கி..."

"தலைவரே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இல்லைனா உங்களுக்கு இந்த வருஷம் பார்க்கின் கிடையாது."

டெஸ்மண்ட் அதைத் தண்டவாளத்தில் ஏற்றினான். பெட்டிகளை மாட்டி, வேகம் கூட்டும் குமிழைத் திருப்பினான்.

கடவுளே, அந்தச் சத்தம்! காபிக்கொட்டை அரைக்கிற மெஷினில் கூழாங்கல் விழுந்த மாதிரி. பின்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பணத்தைத் தண்டம் பண்ணிவிட்டேனே என்று நான் நெளிந்தேன். டெஸ்மண்ட் மட்டும் தலையை நிமிர்த்தினான். குமிழில் கையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். ரயில் மில்லுக்குப் பின்னால் போயிற்று, பாலத்தில் ஏறியது, இறங்கியது, மெதுவாகி ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது. கார்டு பெட்டிக் கதவு போர்ட்டரின் தள்ளுவண்டிக்கு நேர் எதிரே.

யாரும் எதுவும் எண்ணவில்லை.

"எப்படிடா?" என்றார் தலைவர். "கண்ணை மூடிக்கிட்டுல்ல நிறுத்தின?"

"பாலத்துல ஏறினா டொம்முங்குது. இறங்கினா கரகரங்குது. பிளாட்பாரத்துச் சுவர் பக்கத்துல வந்ததும் சத்தம் கிட்டக்க வந்துடுது. அதுக்கப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு நிறுத்தணும்." டெஸ்மண்ட் கண்ணைத் திறந்தான். "எனக்கு நடுவுல தெரியலடா நார்மன். ஆகஸ்டுலேருந்து. போகப்போக இன்னும் போகும்கிறாங்க."

நான் இதற்காக அதை வாங்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. ஆத்திரத்தில் வாங்கினேன், அவ்வளவுதான். இன்றைக்கு வரைக்கும் டெஸ்மண்ட் நான் யோசித்துச் செய்ததாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நானும் மறுப்பதில்லை.

தலைவர் குனிந்தார். எஞ்சினின் சக்கரத்தையே பார்த்தார். மனசுக்குள் ஆரக்காலை எண்ணுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"ஓடுறப்ப யாருடா எண்ணப்போறா?" என்றார்.

அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் செத்தாலும் நம்பியிருக்க மாட்டேன். டெஸ்மண்ட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, "என் பேரை அடிச்சிடுங்க சார்" என்றான். "ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க. ஆனா அது என்கிட்ட பேச மாட்டேங்குது." கம்பெனிக்காரர் கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு துண்டு பார்க்கின் வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த வசந்தத்தில் நிச்சயம் வந்துவிடும் என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஊரே ஹாலுக்குள் வந்து அடைந்தது. குழந்தைகள் கத்தல், நாற்காலி இழுக்கிற சத்தம், என் டீக்கடையில் கப்புகளின் கலகலப்பு. டெஸ்மண்டின் ரயில் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கழுத்தை நீட்டி, காதை ஒருபுறமாகச் சாய்ப்பதைப் பார்த்தேன். மறுபுறம் சாய்த்தான். குமிழில் இருந்த கை அப்படியே நின்றுபோனது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தப்புதான் பாக்கி, அதோடு மூன்று. அதை எண்ணாமல் விடச் சொல்லிக் கேட்கிற ஜாதி இல்லை அவன்.

அப்போது தலைவர் ஒரு நாற்காலி மேல் ஏறினார். அந்த வயசில், அந்தத் தொந்தியோடு.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று ஹாலே அதிரக் கத்தினார். "ரயில் ஸ்டேஷனுக்குள்ள வருது!"

ஹால் அடங்கியது. தாய்மார்கள் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். ரீட்டா ஸ்டாலில் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். நான் பொங்கிக்கொண்டிருந்த கெட்டிலைப் பட்டென்று அணைத்தேன். கூரையில் மழை, அதற்குக் கீழே அந்தக் கூழாங்கல் சத்தம். டொம்மென்று பாலம். பிறகு கரகர. டெஸ்மண்ட் ஒரு மூச்சு விட்டான்.

ரயில் நின்றது. தலைவர் நாற்காலியிலிருந்து இறங்காமலேயே எட்டிப் பார்த்தார், கார்டு பெட்டியையும் போர்ட்டரையும் மாறி மாறி. பிறகு கையைத் தட்ட ஆரம்பித்தார். ஏன் தட்டுகிறோம் என்று தெரியாதவர்கள்கூடத் தட்டினார்கள். டெஸ்மண்ட் என் முகத்தைத் தேடினான், நேராகப் பார்த்தால் தெரியாதென்று கொஞ்சம் தள்ளிப் பார்த்து. நான் கையை ஆட்டிவிட்டு, டீ கேட்டு நின்றவர்களுக்காகக் கெட்டிலை மறுபடியும் போட்டேன்.