அஞ்சே நிமிஷம்

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். நான்கு மணிக்கு தொண்டைக்குள் செயற்கை சுவாசக் குழாய் செருகப் போவதாகவும், அதற்கு முன் ஐந்து நிமிடம் வீடியோவில் காட்டுவதாகவும் நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர ஒரு பகல் ஆகும்.

அக்காவின் போன் திரை உடைந்து கிடந்தது. தம்பியிடம் இருந்தது பட்டன் போன். மிச்சம், அக்காவின் லேப்டாப். போன வாரம் தம்பி அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி, இன்றுதான் பையில் திணித்துக் கொண்டுவந்திருந்தான். வைஃபை வரவில்லை.

மணி மூன்று நாற்பது.

"உன் ரூம்ல வந்துச்சுன்னியே?"

"நேத்து அப்டேட் போட்டேன்க்கா. வைஃபைய ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் போயிருக்கும்."

"கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட போன் கேக்கட்டுமா?"

"வேணாம். அஞ்சே நிமிஷம். இதுதானே என் பொழப்பு."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பல்லு விளக்கவே அரை மணி நேரம் ஆக்குறவன்."

அக்கா ஜன்னலைப் பார்த்து நாற்காலியைப் போட்டாள். வெளிச்சம் கைமேல் விழ வேண்டும்.

அவன் டிரைவரை நீக்கினான். பென் டிரைவிலிருந்து மறுபடி ஏற்றினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். வரவில்லை.

நான்கு மணிக்கு பட்டன் போன் அடித்தது. நர்ஸ்.

"அம்மா முழிச்சிருக்காங்க. நீங்க லைன்ல வரலியே?"

"ஒரு நிமிஷம், சிஸ்டர்," என்றான் தம்பி.

அக்கா கீழே ஓடினாள். எலக்ட்ரீஷியன் மனைவி கதவைத் திறந்தாள். "பத்து நிமிஷம் முன்னாடிதான் வேலைக்குப் போனாரு."

மேலே, அவன் முதலில் ஓட்டிப் பார்த்த சோதனைப் பட்டியலுக்குத் திரும்பினான். அதில் ஒரு வரி: ஹார்டு பிளாக்டு, யெஸ், அதாவது வைஃபை சுவிட்சிலேயே அணைந்திருக்கிறது. மூன்று நாற்பதிலிருந்தே அங்கே இருந்தது. டிரைவரைத் தேடிக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருந்தான்.

லேப்டாப்பின் முன்விளிம்பைத் தடவினான். நகமளவு சுவிட்ச். பைக்குள் நகர்ந்திருந்தது. தள்ளினான். நீல விளக்கு எரிந்தது.

"வந்துருச்சா? என்ன பண்ணே?" படியேறி வந்த அக்கா கேட்டாள்.

அவன் வீடியோ அழைப்பைப் போட்டான்.

நான்கு பதினாலு. திரையில் நர்ஸ். பின்னால் அம்மா. வாயில் குழாய், மூடிய கண்கள். இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன.

"கைய ஏன் கட்டிருக்கீங்க?"

"டியூபப் புடுங்கிருவாங்கம்மா. எல்லாருக்கும் கட்டுறதுதான்." நர்ஸ் தயங்கினாள். "மயக்க ஊசி போடுற வரைக்கும் திரையப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் புரியல. இப்படி."

காது மடலை இழுத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அம்மாவின் கைப்பேச்சில் காது மடல் என்றால் தம்பி. விரித்த கை, எங்கே.

அக்கா இரு கைகளையும் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டாள்.

தம்பி சுவிட்ச் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை, அது நகர்ந்துவிடாதபடிக்கு.